ரெட்டியார்சத்திரம் வரை நிற்காத ஜால்ரா

பயம் வந்தால் சிலருக்குக் கத்தத் தோன்றும், சிலருக்கு ஓடத் தோன்றும். எனக்குத் தலையாட்டத் தோன்றும். எதிரே நிற்பவர் என்ன கேட்டாலும் ஆட்டிவிடுவேன். (என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான் ஆட்டினேன். அது நல்லபடியாக முடிந்துவிட்டது, அதை விடுங்கள்.) ஒரு தைப்பூசத்தன்று இந்தத் தலையாட்டல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான்தான் இதுவரை சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்திருந்தேன். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் பஜனை நடக்கும். பாக்கியத்தக்கா ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து திருப்பிப் பாடுவார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'மூணாவது வீட்டு ஊமச்சி' என்றால்தான் தெரியும். அந்தப் பஜனைப் பாயில் ஒரு ஓரம் கிடைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில் ஜால்ரா போட்டுக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். ஜால்ரா என்றால் பாட வேண்டாம், பேச வேண்டாம், அடித்தால் போதும். எனக்கென்றே கடவுள் செய்து வைத்த சாமான் என்று தோன்றியது. ஆனால் போய்க் கேட்க வேண்டுமே! இரண்டு வாரம் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அக்காவே பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள, அந்தத் தூணு விழுந்துரும்னா முட்டுக்குடுத்துக்கிட்டு நிக்கிற? இங்கிட்டு வா. ஜால்ரா போடுவியா?"

தலையை ஆட்டினேன்.

கையில் வாங்கியதும் எனக்கு வந்த நடுக்கத்தில் ஜால்ரா தானாகவே கலகலவென்று ஒலித்தது. நான் இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கவில்லை. "அடேயப்பா, எடுத்ததும் இம்புட்டு வேகமா?" என்றார் அக்கா. பாயில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அக்கா கறாரான ஆள். "இந்தா பாரு, தைப்பூசத்தன்னைக்குக் காலையில ஊர்வலம் போவோம். அன்னைக்குத் தாளம் தப்பாமப் போட்டுட்டா வெள்ளிக்கிழமை பாயில ஒக்காந்துக்க. தப்புச்சுன்னா ஜால்ராவக் குடுத்துரு. ரயிலடிப் பக்கத்துல ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா ஜால்ராவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. ஆகவே அடுப்படியில் இரண்டு பித்தளை மூடிகளை வைத்துப் பழகினேன். வீட்டுக்காரர் வெங்காய மண்டியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்னடி, பாத்திரமெல்லாம் சண்ட போடுது?" என்றார். நான் மூடியைக் கழுவுவதுபோலக் காட்டிக்கொண்டேன். (ரசப் பாத்திரத்து மூடி வேறு நெளிந்துபோயிற்று.)

தைப்பூசம் வந்தது. நல்ல மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, "செத்த நேரத்துல வந்துருவேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பஜனைப் பெண்கள் அத்தனை பேரும் மஞ்சள் சேலைதான். என் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"ஆளுகளப் பாத்தாத்தான ஒனக்குப் பயம்? பாக்காத. குனிஞ்சுக்க. என் குதிகாலப் பாத்துக்கிட்டே வா. நான் தாளத்துக்குத்தான் நடப்பேன். என் காலு தரையில படுறப்ப நீ ஜால்ராவத் தட்டு. அம்புட்டுத்தான்."

எவ்வளவு நல்ல யோசனை! ஊர்வலம் கிளம்பியது. நான் உலகத்தை மறந்தேன். வெடிப்பு விழுந்து, மஞ்சள் பூசிய இரண்டு குதிகால்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கால் பட்டது, தட்டினேன். கால் பட்டது, தட்டினேன். தாளம் பிசகவில்லை.

கடைவீதியில் பெரிய கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. பூசக் கூட்டம் கலைந்த பிறகு போய்ச் சேரலாம் என்று நத்தம் பக்கமிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துபோகும் பாதயாத்திரைக்காரர்கள். அரோகரா சத்தம் காதை அடைத்தது. இடித்தார்கள், நெருக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் ஆளுகளைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டேன். ஒரு நொடி குதிகால் மறைந்தது. உயிரே போயிற்று. உடனே மறுபடி தெரிந்தது. அதே வெடிப்பு, அதே மஞ்சள், மேலே அதே மஞ்சள் சேலை. அப்பாடா என்று அதன் பின்னாலேயே போனேன்.

அக்கா கொஞ்சம் வேகமாக நடக்கிறாரே என்று தோன்றியது. பிறகு, அக்கா எப்போது காலில் பிளாஸ்திரி ஒட்டினார் என்று தோன்றியது. அதற்குள் தெருக்களெல்லாம் முடிந்து கால் சுடும் தார் ரோட்டுக்கு வந்துவிட்டோம். நிமிர்ந்தேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்தது யாரோ ஒரு பெண். எனக்கு முன்னும் பின்னும் முன்பின் பார்த்திராத முகங்கள், தலைக்கு மேல் மயில் தோகை ஆடும் காவடிகள். பழனி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன்!

கை நின்றுவிட்டது. உடனே அந்தப் பெண் திரும்பினாள்.

"நிறுத்தாதீங்க சாமி, நிறுத்தாதீங்க! காவடி தோள்ல இருக்கையில தாளம் நிக்கக் கூடாது. எங்க ஜால்ராக்காரருக்குக் காலு வீங்கி நத்தத்துலயே தங்கிட்டாரு. என்ன செய்யிறதுன்னு தெரியாம வந்தோம். அந்த முருகனே பாத்து உங்கள அனுப்பியிருக்கான்!"

நரைத்த தாடியோடு அவர்களுடைய குருசாமி பக்கத்தில் வந்தார். "காவடி எறங்குற வரைக்கும் கூட வருவீங்கள்ல சாமி?"

"இல்லங்கய்யா, நான் நாகல் நகரு, அரிசி களைஞ்சு வச்சிருக்கேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. தலை ஆடிவிட்டது.

"காவடி எங்க எறங்கும்?" என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் எப்படியோ கேட்டேன்.

"ரெட்டியார்சத்திரத்துல ஒரு மண்டபம் இருக்கு சாமி. அதுவரைக்கும் எறங்காது."

அதற்குப் பிறகு நான் நடந்த நடையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. காலில் செருப்பில்லை. நிறுத்தினால் முருகன் குற்றம், நடந்தால் புருஷன் குற்றம். வீட்டில் என்னைக் காணாமல் போலீசுக்குப் போயிருப்பார்களோ, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைப்பார்களோ, நானே ஓடிவிட்டேன் என்று நினைத்தால்? எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் இன்னொன்று. அக்காவின் ஜால்ராவையும் கொண்டுவந்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு அந்தப் பாய்க்குப் போவேன்? ரயிலடிப் பெண்ணுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. சுற்றி வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது.

இந்தப் பயத்திலெல்லாம் ஒரு பயத்தை மட்டும் மறந்துபோனேன். தாளம் தப்பிவிடுமோ என்ற பயம். வழியில் ஒரு தோப்பு நிழலில் குருசாமி வேகத்தைக் கூட்டினார், என் கையும் கூடவே கூட்டியது. நான் யார் காலையும் பார்க்கவில்லை. காவடி ஆடியது, கை தட்டியது. அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. புருஷனிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

மண்டபம் வந்தது. காவடியை இறக்கினார்கள். என் விரல்களை மடக்கவும் முடியவில்லை, விரிக்கவும் முடியவில்லை. குருசாமி கேட்டார், "சாமிக்கு எந்த ஊரு? யாரு சொல்லி வந்தீங்க?"

"நாகல் நகரு. யாரும் சொல்லல. வழி தப்பி வந்துட்டேன்."

மண்டபமே கொல்லென்றது. புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டிவிஎஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. வீட்டுக்காரர். பின்னால் பாக்கியத்தக்கா, காற்றில் கலைந்த தலையோடு. கடைவீதிப் பூக்காரம்மா நான் போன திசையைச் சொல்லியிருக்கிறது.

"எம் ஜால்ரா எங்கடி?" என்றார் அக்கா.

"எங்கடி போன?" என்றார் வீட்டுக்காரர். குரல் உடைந்திருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. குருசாமிதான் காப்பாற்றினார். "இந்தம்மாவ வையாதீங்க. திண்டுக்கல்லுலருந்து இதுவரைக்கும் கை நிக்கல. ஒரு அடி தப்பல."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணு கூடவா தப்பல?"

"ஒண்ணு கூட."

அக்கா ஜால்ராவை என் கையிலிருந்து வாங்கவில்லை. "அப்ப வெள்ளிக்கிழமை வந்துரு. தூணுகிட்ட நிக்காத, பாயில ஒக்காரு" என்றார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க வண்டியில போங்க. நாங்க பஸ்ஸுல வாரோம். இவள நான் கையப் பிடிச்சே கூட்டியாரேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பாயில் உட்கார்ந்தேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் நடுக்கத்தோடேயே தாளம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் அக்கா என் முந்தானையைத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டுத்தான் கிளம்புவார். தெருவில் பெண்கள், "பாக்கியத்துக்கு ரெண்டாங் கல்யாணம்" என்று சிரிப்பார்கள். எங்கள் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் போனபோது, வீட்டுக்காரர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என் பின்னாலேயே நடந்து வந்தார்.

இன்றைக்கும் நான் வயர்கூடையை எடுத்துக்கொண்டு வாசல் இறங்கினால் வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வரும். "கடைக்கா, பழனிக்கா?" மகன் கேட்பான், மருமகள் கேட்பாள், இப்போது பேத்தியும் கேட்கப் பழகிவிட்டது. இத்தனை வருஷமாக நான் பதிலே சொன்னதில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

போன வாரம் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினேன். வழக்கம்போலக் கேள்வி வந்தது. என்ன தோன்றியதோ, வாசலிலேயே நின்று திரும்பிச் சொன்னேன்:

"எங்கிட்டுப் போனா என்ன? நீங்கதான் வண்டி எடுத்துக்கிட்டு வந்துருவீகளே!"

பேத்தி ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தியது: "தாத்தா, ஆச்சி பேசுது!"