பாறைக்குப் பக்கத்துக் கரடி

பெண் பார்க்கப் போய்விட்டுப் பெண்ணைப் பார்க்காமலேயே திரும்பி வந்தவன் நான். பம்பாயில் வேறு யாரும் இந்தச் சாதனையைச் செய்ததாகத் தெரியவில்லை.

அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூரிலிருந்து மாதுங்காவுக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அக்கா ஒரே உத்தரவைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏலே, பொண்ண முறைச்சுப் பாக்காத. சுவத்தப் பாரு. அடக்கமான பையன்னு நெனைப்பாங்க." ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி எனக்குப் பெண் தேடுவதில்லை என்று அத்தான் கையை விரித்துவிட்டார்.

பெண் வீட்டில் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு காடு இருந்தது.

ஆளுயர ஓவியம். மரங்களுக்கு நடுவே ஓடை, தண்ணீரில் வெயில், பாறையில் பாசி, இலைக்கு இலை நரம்பு. (அதுவரை நான் பார்த்திருந்த பெரிய காடு கிங்ஸ் சர்க்கிள் பூங்காதான்.) எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. பெண் வந்தாள், காபி வைத்தாள், போனாள். நான் ஓடையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அவள் அப்பா கேட்டார். பாசி பிரமாதம் என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

அவர் பூரித்துப்போனார். "நம்ம சரோஜா வரைஞ்சதுதான் தம்பி. நாளைக்கு எக்ஸிபிஷனுக்குப் போகுது. கிட்ட போய்ப் பாருங்க."

போனேன். பாறை ஈரமாகப் பளபளத்தது. ஈரத்தைக்கூட ஒருத்தி வரைவாளா என்ற ஆச்சரியத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். (விரல் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. முழு உள்ளங்கை.)

உள்ளேயிருந்து முதன்முதலாக அவள் குரல் கேட்டது. "அது இன்னும் காயல."

பாறைக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு பெரிய திட்டு. பதற்றத்தில் வியர்வையைத் துடைத்து, கையில் ஒட்டிய மிச்சச் சாயத்தை என் நெற்றியிலும் பூசிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

மூன்றாம் நாள் தகவல் வந்தது. சரோஜா அந்தத் திட்டை அழிக்கவில்லையாம். காதும் மூக்கும் வைத்துக் கரடியாக்கி அனுப்பிவிட்டாளாம். தன் படத்தை அவ்வளவு நேரம் யாருமே பார்த்ததில்லை, இந்த மாப்பிள்ளையே போதும் என்று சொல்லிவிட்டாளாம். அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தது மணவறையில்தான்.

காடு இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அம்மா வரைந்த காடு, அப்பா வரைந்த கரடி என்றுதான் என் மகள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். அவர்கள் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். நான் நாற்காலியை விட்டு எழுந்தால் மட்டும் சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வரும்: "அது இன்னும் காயல."