முள்ளங்கியும் மாடி வீட்டு மூக்கும்

அன்பு மைத்துனன் டம்பருக்கு,

ஆக்ரனிலிருந்து அத்தான் ககேந்திரா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய், அதனால்தான் கடிதம். இதையும் சிரித்துக்கொண்டே படித்தாயானால் வருகிற தசைங் பண்டிகைக்கு என் வாசற்படி ஏறாதே.

பிட்ஸ்பர்க்கிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தவன் இனிப்பு வாங்கி வந்திருக்கலாம். ஒரு பாட்டில் சின்கி தூக்கிக்கொண்டு வந்தாய். புளித்த முள்ளங்கி எப்படி நாறும் என்று தெரிந்தவன் மூடியையாவது இறுக்கியிருக்கக் கூடாதா? சனிக்கிழமை சூப் வைக்க உன் அக்கா பவித்ரா அதைத் திறந்தாள். மாடி வீட்டுக் கோவால்ஸ்கி அம்மாவுக்கு ஒரு மூக்கு இருக்கிறதே, அது ஊர் வம்புக்கென்றே முளைத்தது. கேஸ் கசிகிறது என்று போன் போட்டுவிட்டாள். கசிந்தால் தெரியட்டும் என்று இங்கே கேஸில் அழுகல் நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். உன் சின்கிக்கு அந்தச் செலவே இல்லை. இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. கொட்டும் பனியில் நான் லுங்கியும் தொப்பியுமாக, கையில் பேரனோடு நிற்கிறேன், தெருவே வேடிக்கை பார்க்கிறது. வீடெல்லாம் கருவியை நீட்டிப் பார்த்த ஆள், கேஸ் இல்லை என்று சொல்லி, பாட்டிலோடு வெளியே வந்தான்.

"ஐயா, இதுக்குள்ள என்ன செத்துக் கிடக்கு?"

"ஒண்ணும் சாகல. அது முள்ளங்கி. நீங்க வேணா வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டு போங்க," என்றாள் உன் அக்கா. எனக்கு மானமே போய்விட்டது.

வீட்டுக்காரர் வந்து, இன்னொரு புகார் வந்தால் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்தக் குளிரில் கைக்குழந்தையோடு எங்கே போவேன்? இவ்வளவுக்கும் பிறகு நேற்று, செவ்வாய்க்கிழமை, அந்த அம்மா மறுபடி கதவைத் தட்டுகிறாள்.

"மிஸ்டர் ககேந்திரா, திரும்ப அந்த வாசனை வருதே!"

"அது எங்க முள்ளங்கிதாம்மா. மூக்கப் பொத்திக்கிட்டுப் போய் டிவி பாருங்க!"

எல்லாம் உன்னால். பாட்டிலை இந்தக் கடிதத்தோடு கட்டி உனக்கே அனுப்புகிறேன். திட்டியது திட்டியதுதான், ஆனாலும் உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப் போல் ஆகாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
கொதித்துப்போன அத்தான்,
ககேந்திரா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாட்டிலைக் கேட்டேன்.

"அத நான் ஞாயித்துக்கெழமையே குப்பையில போட்டுட்டேனே," என்றாள் உன் அக்கா.

"அப்போ இந்த நாத்தம்?"

இருவரும் அடுப்பைப் பார்த்தோம். எந்த சுவிட்சையும் தொடவில்லை. அவள் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் மாடிக்கு ஓடி, அழைப்பு மணியைத் தொடாமல் கதவைக் கையால் இடித்தேன்.

"என்ன, மறுபடியும் முள்ளங்கியா?" என்றாள் கோவால்ஸ்கி அம்மா.

"இல்லம்மா. நீங்க சொன்னதுதான். செருப்பு கெடக்கட்டும், வாங்க!"

எதிர்ச்சாரிக்குப் போன பிறகுதான் போன் செய்தேன். அதே ஆட்கள் வந்தார்கள். சனிக்கிழமைக்குப் பிறகுதான் அடுப்புக்குப் பின்னால் குழாய் விரிசல் விட்டிருந்ததாம். நேற்று நான் அந்த அம்மாவை விரட்டிய கையோடு டீ போட்டுக் குடித்திருக்கிறேன், டம்பர்.

மேலே அந்த மூக்கைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படி. அது நூறு வயது இருக்கட்டும்.