மாமனார் கட்டிலில் நான் படுத்த காலை

எனக்கு மறுத்துப் பேச வராது. முடிவெட்டும் அண்ணன் ஒருமுறை, "மீசையையும் எடுத்துட்டா பளிச்சுனு இருக்கும்" என்றார். வேண்டாம் என்றால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று தலையாட்டிவிட்டு, ஒரு மாதம் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு திரிந்தேன். மீசையோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தத் தலையாட்டல் என்னை ஆபரேஷன் மேஜை வரைக்கும் கொண்டுபோய்விட்டது.

என் மாமனார் கோவிந்தனுக்குக் குடலிறக்கம். அடிவயிற்றின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். புளி உலுக்க மரம் ஏறக்கூடாது, சாமை மூட்டை தூக்கக்கூடாது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கி, கீழே டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். (பெயர் வேண்டாம். இப்போது திருந்திவிட்டார்கள்.) துணைக்கு நான். கல்யாணமான எட்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசியதெல்லாம் "சரிங்க மாமா", "போய்ட்டு வர்றேங்க மாமா" இரண்டே இரண்டுதான்.

ஆபரேஷன் அன்று காலை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு மாமா கட்டிலை விட்டு இறங்கி வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"மாப்ள, வயிறு கபகபன்னுது. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல நாலு இட்லி துன்னுட்டு வந்துர்றேன்."

"மாமா, டாக்டரு..." என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க மாமா" என்று முடித்தேன்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். எங்கள் ஜவ்வாது மலைக்கு பஸ் எப்போதாவதுதான் வரும். வரும்போது, அது நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்தால்தான் உண்டு. துண்டு இல்லையென்றால் பை. பையும் இல்லையென்றால் வீட்டு ஆளில் ஒல்லியானவரைத் தூக்கி ஜன்னலுக்குள் திணிப்போம். மாமாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலும் பஸ் சீட்டும் ஒன்றுதான்.

"காலியா வுட்டா எவனாவது வந்து குந்திக்குவான். நீ படுத்துக்க. நான் துன்ன போனத யாராண்டயும் சொல்லிடாத, இன்னா?"

அவர் எதிரில் நாற்காலியில்கூட உட்காராத நான், அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். ஐந்து நிமிஷத்தில் நர்ஸம்மா அட்டையோடு வந்தார்.

"கோவிந்தனா?"

இல்லை என்றால் எங்கே என்பார். எங்கே என்று சொன்னால் மாமாவுக்குத் திட்டு விழும். தலையாட்டினேன்.

"வயசு அறுபத்திரெண்டா?" என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "மலைக்காரங்க தான? சாமையும் தேனும் சாப்புட்டா ஒடம்பு இப்டித்தான் இருக்கும். எங்க வூட்டுக்காரரும் இருக்காரே, நாப்பதுலயே தொப்பையும் சொட்டையுமா."

எனக்கு அப்போது முப்பத்தாறு. வயதைக் கூட்டியதற்கு வருத்தப்படுவதா, உடம்பைப் புகழ்ந்ததற்குப் பூரிப்பதா என்று யோசிப்பதற்குள் ஒருவர் சவரக்கத்தியோடு வந்தார். தாடையை நீட்டினேன். அவர் போர்வையைக் கீழேயிருந்து தூக்கினார்.

அடுத்து நடந்ததில் பாதியை எழுத முடியாது. எனிமாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: கொடுத்தார்கள். பிறகு ஒரு பச்சை அங்கியை மாட்டினார்கள். அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வரவில்லை. (நாலு இட்லிக்கு இவ்வளவு நேரமா?) ஸ்ட்ரெச்சர்தான் வந்தது.

ஆபரேஷன் அறையில் ஒரே குளிர். ஒரு தட்டு நிறையக் கத்திகள். முதுகில் ஊசி போட ஒருவர் தயாராக நின்றார். டாக்டர் கடைசியாக ஒருமுறை அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். முந்தின நாள் மாமாவைச் சோதித்தபோதும் டாக்டர் அடிவயிற்றைத்தான் பார்த்தார், முகத்தை இல்லை.

"வீக்கத்தையே காணமே? இருமுங்க."

இருமினேன்.

"பலமா."

இவ்வளவு பெரிய டாக்டர் எதிர்பார்க்கிறாரே என்ற சங்கடத்தில், ஈரல்குலை வெளியே வரும்படி இருமினேன். எலுமிச்சம்பழம் என்ன, ஒரு கடுகுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"நேத்து நானே பாத்தேனே! அந்த ஹெர்னியா எங்கய்யா போச்சு?"

ஊசி கிட்டே வந்தது. மாமாவா, என் வயிறா? முதல் தடவையாக என் வயிற்றின் பக்கம் சேர்ந்தேன்.

"இட்லி துன்ன போயிருக்குதுங்க சார்."

ஊசிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "சார், மயக்க மருந்து நான் இன்னும் போடவே இல்ல சார்!"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். டாக்டர் நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பேரு கேட்டியாம்மா?"

"கேட்டேன் சார். தலையாட்டினாரு."

"தலையாட்டினா அறுத்துடறதா? ஊரு இன்னா, கூட வந்தவங்க யாரு, எதுவும் கேக்க மாட்டியா? நல்லா இருக்கிற ஆள கிழிச்சுத் தச்சிருப்பேனே!" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நீயாவது வாயத் தொறந்து சொல்ல வேணாமா?"

பழக்கதோஷத்தில் அதற்கும் தலையாட்டினேன்.

அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வார்டுக்கு நடந்து வந்தேன். மீசையில் சட்னியோடு மாமா காலிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எடத்த பாத்துக்கடான்னா, அப்டியே வுட்டுட்டு எங்கடா ஊர் சுத்திட்டு வர்ற?"

மாமா சாப்பிட்டது நாலு இட்லி, ரெண்டு வடை, ஒரு பொங்கல் என்று விசாரணையில் தெரிந்தது. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினார்கள். அவர் மணிக்கட்டில் பெயர், வயது எழுதிப் பட்டை கட்டினார்கள். நர்ஸம்மா யோசித்துவிட்டு, 'துணைக்கு வந்தவர்' என்று எழுதி எனக்கும் ஒன்று கட்டினார்.

மாமாவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வருஷமே புளியமரம் ஏறிவிட்டார். ஆனால் மலையில் யாராவது ஆபரேஷன் என்று பயந்தால் அவரிடம்தான் அனுப்புகிறார்கள். அவரும் தைரியம் சொல்கிறார். "எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி. மொதல்ல மாப்ளய உள்ள அனுப்பிப் பாத்தேன். உசுரோட வெளிய வந்தாரு. அப்பறந்தான் நான் போனேன்."

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர், கண் ஆபரேஷனுக்கு நடுங்கிக்கொண்டு அவரிடம் போயிருக்கிறார். மாமா அவர் எதிரிலேயே என் மனைவிக்குப் போன் போட்டார்.

"செல்வி, நாளைக்கி மாப்ள சும்மாதான கீறாரு?"