துண்டுக்கு அடியில் அமைச்சர்

கடலோரத்தில் கொம்பூர் என்றொரு நாடு. அங்கே மாடு கரையில் நிற்கும்வரை தெய்வம், கப்பலேறிவிட்டால் சரக்கு. இறைச்சி ஏற்றுமதியில் தன் நாடே முன்னணி என்று அரசர் சபையில் பெருமைப்படுவார். பெருமைப்பட்டு முடித்ததும் கோமாதாவுக்குக் கற்பூரம் காட்டப் போவார்.

பச்சையம்மாளுக்கு இருந்தது ஒரே மாடு. அதுவும் கறவை வற்றிய கிழம். அதை விற்றால்தான் ஒரு பால்மாடு வாங்கலாம். பால் இருந்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

அந்த நேரம் பார்த்து ஆணை வந்தது: கிழட்டு மாட்டை விற்பது பாவம், துறைமுகக் கொட்டிலுக்கு இலவசமாகத் தரலாம். ஒருவரும் தரவில்லை. ஆகவே இன்னோர் ஆணை: கிழட்டு மாட்டுக்கு நாள்தோறும் பூமாலை சூட்ட வேண்டும். பச்சையம்மாள் சூட்டினாள். மாடு மாலையைத் தின்றது. அவள் பட்டினி கிடந்தாள். பிறகு, சந்தையில் யாரும் வாய்திறந்து விலை பேசக் கூடாது என்றார்கள்.

இதற்கு மட்டும் சந்தை சிரித்தது. கொம்பூரில் மாட்டு விலையை யார் வாயால் பேசினார்கள்? வாங்குபவரும் விற்பவரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, விரல்களைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள்.

ஆணையின் வெற்றியைக் காண அமைச்சர் மார்த்தாண்டபூபதி வந்தார். மாட்டு வியாபாரத்தின் நிழலைக்கூட மிதித்ததில்லை என்று மேடைதோறும் சொல்பவர்.

"ஏன் எல்லாரும் கை பிடித்து நிற்கிறார்கள்?"

"பாசம், பிரபு," என்றான் கட்டியக்காரன்.

"நன்று. நாமும் பாசம் காட்டுவோம்." அருகில் நின்ற பச்சையம்மாளிடம் கையை நீட்டினார்.

"அழுக்குத் துண்டுங்க சாமி, பரவால்லீங்களா?"

துண்டு விழுந்தது. அவள் சும்மா ஒரு விலையை அழுத்திப் பார்த்தாள்.

"மாடு நம் தாய்!" என்று கூட்டத்தை நோக்கி முழங்கினார் அமைச்சர். துண்டுக்கு அடியில் அவருடைய கை, தன்பாட்டுக்கு, அவள் விரல் ஒன்றை மடக்கி விலையைக் குறைத்தது.

பச்சையம்மாள் திகைத்தாள். மடக்கிய விரலை நிமிர்த்தினாள்.

"தாயை விற்பவன் மனிதனா?" கை சற்று இறங்கி வந்தது. பேரத்தை முடிக்கக் கட்டைவிரலை அவள் உள்ளங்கையில் ஊன்றப் போனது. கப்பலுக்கு மாடு பிடிப்பவர்கள் மட்டுமே அப்படி முடிப்பார்கள்.

தன் கை காட்டிக்கொடுத்துவிட்டது என்பது அவள் பார்வையிலேயே அமைச்சருக்குத் தெரிந்தது. கையை இழுத்தார். அவள் விடவில்லை.

"உருவாதீங்க சாமி. பேரம் முறிஞ்சிரும். அப்புறம் ஏன் முறிஞ்சுதுன்னு கேப்பாங்க, நான் வாயத் தொறந்து சொல்லணும்." சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு விரலைக் கூட்டினாள்.

அமைச்சர் வானத்தைப் பார்த்தார். "மாடு வாழ்க," என்றார் ஈனஸ்வரத்தில். கட்டைவிரல் ஊன்றியது.

பணமுடிப்பு இந்தப் பக்கம் வந்தது. மாட்டுக்கயிறு அந்தப் பக்கம் போனது. "அமைச்சர் பெருமான் ஆதரவற்ற தாயைத் தத்தெடுத்தார்!" என்று கட்டியக்காரன் கூவினான்.

பச்சையம்மாள் பால்மாடுகள் நிற்கும் பக்கம் நடந்தாள். அமைச்சரால் தேருக்கு நடக்க முடியவில்லை. வழியெங்கும் கிழட்டு மாடுகள் வந்து நின்றுவிட்டன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவர், மிகுந்த பாசத்தோடு, அவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.