தட்டிக்கொண்டே இருக்கச் சொன்ன அத்தானுக்கு

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, குன்சானிலிருந்து சாங்கில் வணங்கி எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நானும் என் மனைவி ஓக்ரானும் இந்த வருஷத்துக் கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளும் நலம். சியோலில் தாங்களும் அக்காவும் தங்கள் முழங்கால்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. தாங்கள் கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர், நான் கப்பல் பட்டறையில் இரும்பு பற்றவைத்தவன். ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இனி எங்கள் சபைக்கு வந்தால் வினைச்சொற்களைத் தொடாதீர்கள். என்னோடு பட்டறையில் இருந்த தக் மான்சுவைத் தங்களுக்குத் தெரியும். வசந்தத்தில் மனைவியைப் பறிகொடுத்த பிறகு, சபைச் சாப்பாட்டில் அவன் செய்யும் ஜெபம் நீண்டுகொண்டே போனது. ஒரு ஞாயிறன்று நான் கண்ணை மூடியபடியே, "மான்சு, ஆமென் சொல்லுடா, சூப் ஆறுது" என்றுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஆமென் சொல்லாமலே எழுந்து போனான். அதன்பின் சபைக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தாங்கள் வந்து, "'தட்டுங்கள், அப்பொழுது திறக்கப்படும்' என்ற வசனத்தில், 'தட்டுங்கள்' என்றால் ஒரு தட்டோடு நிற்பதல்ல, மூலத்தில் அந்த வினைக்குத் தட்டிக்கொண்டே இருங்கள் என்று பொருள்" என்று பிரசங்கித்தீர்கள். ஓக்ரான் என் விலாவில் இடித்தாள்.

மறுநாள் காலையே மான்சுவின் அடுக்குமாடிக்குப் போய்த் தட்டினேன். திறக்கவில்லை. இலக்கணப்படி தொடர்ந்தேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பெல் இருக்கே, ஐயா?" என்றாள். "வசனத்துல பெல் இல்லம்மா" என்றேன். காவலாளி வந்து, "பெரியவரே, மூணு மாடிக்காரங்களும் புகார் சொல்றாங்க" என்றான். உள்ளேயிருந்து மான்சு கத்தினான்: "போடா! வீட்ல யாரும் இல்ல!"

"அப்ப பேசறது யாருடா?"

"இல்லாதவன்தான்!"

எனக்கு வீம்பு வந்து, முஷ்டியால் பூட்டுப் பக்கமாகவே குத்தினேன். பேட்டரியில் ஓடும் அந்த எண் பூட்டு ஒரு முறை கீச்சிட்டு உயிரை விட்டது. என்னை அடிப்பதற்காகவாவது கதவைத் திறக்க வந்த மான்சுவால் உள்ளிருந்தும் திறக்க முடியவில்லை. தீயணைப்புக்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். திறக்கப்படும் என்று கர்த்தர் சொன்னாரே தவிர, யாரால் என்று சொல்லவில்லை. அந்த வினையையும் தாங்கள் விளக்கியிருக்கலாம்.

மான்சு என்னை அடிக்கவில்லை, அத்தான். உடைந்த பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "திறக்கறப்ப இதுல ஒரு பாட்டு வரும். அவ கடையில ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்து எடுத்ததுடா. அதைக் கேக்கணும்னே நான் வெளிய போயிட்டுத் திரும்பி வருவேன்" என்றான். மன்னிப்புக் கேட்கப் போனவன், பூட்டுத் தேடக் கிளம்பினேன். பிறகு ஊரிலுள்ள பூட்டுக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன். எல்லாப் பூட்டும் பாடுகிறது. அவள் எடுத்த பாட்டை ஒன்றும் பாடவில்லை. சூப் ஆறினால் சுட வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்கக் கூடாதா!

ஆகையால், தாங்கள் சொன்ன அர்த்தம் தவறு என்று மான்சுவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். கொஞ்சம் கோபமாவது என்னை விட்டு இலக்கணத்தின் மேல் போகட்டும். கர்த்தர் தங்களையும் அக்காவையும் மூலமொழியிலும் மொழிபெயர்ப்பிலும் ஒன்றுபோல ஆசீர்வதிப்பாராக.

தங்கள் மைத்துனன்,
பியோ சாங்கில்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். உறையை ஒட்டும்போது மான்சு வந்துவிட்டான். கதவுக்குப் போட்ட புதுப் பூட்டு வெறும் சாவிப் பூட்டு, ஊமையாம், வீட்டுக்குத் திரும்பவே பிடிக்கவில்லையாம். தாங்கள் மறுபடி வந்து பிரசங்கிக்க வேண்டுமாம். அதற்குமுன் அவனுக்கு ஒரு சந்தேகம்: 'மன்னியும்' என்கிற வினை ஒரே தடவையில் முடிகிறதா, தொடர்ந்து நடக்கிறதா? "ஒரே தடவைன்னா இப்பவே மன்னிச்சிட்டு வீட்டுக்குப் போறேன். தொடர்ச்சின்னா தினமும் சாயங்காலம் வந்து, கொஞ்சம் கொஞ்சமா மன்னிக்கிறேன்" என்கிறான். அத்தான், மூலத்தில் எப்படி இருந்தாலும் சரி, தொடர்ச்சி என்றே எழுதுங்கள்.