பிஷப் வந்த நேரமும் பழனியாண்டியும்

புதிதாகப் பட்டம் வாங்கிய பாதிரியாருக்குக் கூட்டப் பைத்தியம் பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். எனக்கு அது நன்றாக முற்றியே இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் பாலக்கரைப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு என்னைப் போதகராக அனுப்பினார்கள். மொத்தம் பதினோரு குடும்பங்கள். (எங்களையும் சேர்த்துத்தான்.) இத்தனை சின்னச் சபைக்குத் தனிப் போதகர் தேவையா, பக்கத்துச் சபையோடு இணைத்துவிடலாமா என்று பார்க்க பிஷப் வருவதாகத் தகவல் வந்தது. சபையார் கலங்கிப்போனார்கள். நானோ ஒரு மகா திட்டம் போட்டேன்.

வைகுண்ட ஏகாதசியன்று ஊரே ஸ்ரீரங்கம் போகும். அன்றைக்குக் காவிரிப் பாலத்துக்குப் போகிற சாலையில் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, பிரசங்கம் செய்து, அன்றே வரப்போகிற பிஷப்புக்குக் கூட்டத்தைக் காட்டினால்?

"அவங்க பெருமாளைப் பார்க்கப் போறாங்க. உங்களைப் பார்க்க நிப்பாங்களாக்கும்?" என்றாள் என் மனைவி எஸ்தர்.

நின்றார்கள். நிற்பதென்ன, படுத்தே விட்டார்கள்! சொர்க்கவாசல் பார்த்துவிட்டு உச்சி வெயிலில் திரும்பிய கூட்டம் பந்தலை நிறைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காணாமற்போன ஆட்டைப் பற்றி முழங்க ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். இன்னொருவர், "சாமி, தண்ணி எங்க வெச்சிருக்கீங்க?" என்றார். தண்ணீர்ப் பந்தல் என்று நினைத்திருக்கிறார்கள்! சபையார் ஓடிப்போய்க் குடங்களைத் தூக்கி வந்தார்கள்.

நான் விடவில்லை. மேய்ப்பன் ஆட்டைத் தேடிப் புறப்படும் கட்டத்தில் ஒரு இளம்பெண் அழுதுகொண்டே மேடையருகே வந்தாள். உப்பிலியபுரத்துக்காரி, புதுசாகக் கல்யாணமானவள். நெரிசலில் கணவனைத் தவறவிட்டிருந்தாள். தனியாக ஊர் திரும்ப வழி தெரியாது.

"அழாதம்மா, மைக்ல கூப்பிடறேன். வீட்டுக்காரர் பேரு என்ன?"

சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதாம்!

"முருகன் பேருங்க..."

"கந்தசாமியா? வேலாயுதமா? குமாரசாமியா?"

"இல்லீங்க. மலை மேல கோவணத்தோட நிப்பாரே..."

"தண்டபாணி! தண்டாயுதபாணி!" என்று கத்தினேன்.

மைக்கை அணைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குழாய் ஸ்பீக்கர்கள் முருகன் பெயர்களைக் காவிரிக் கரை முழுக்க முழக்கிக்கொண்டிருந்தன. பந்தல் வாசலில், ஜட்கா வண்டியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தபடி பிஷப்! குறட்டைக்காரர் வேறு எழுந்து உட்கார்ந்து, "அரோகரா!" என்றார்.

அவசரமாக மைக்கை அணைத்தேன். பிஷப் நிதானமாக மேடைக்கு வந்தார்.

"பழனியாண்டியான்னு கேட்டுப் பாருங்க, ஐயா."

(அவருக்குச் சொந்த ஊர் பழனிப் பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.) பெண் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

மைக்கில் அழைத்தேன். ஐந்து பழனியாண்டிகள் ஓடி வந்தார்கள். கடைசியாக வந்தவனைப் பார்த்ததும், "எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று அவள் வெடித்து அழுதாள். அவனும் அழுதான். பந்தலே கைதட்டியது. எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

பிஷப் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் மொண்டு கொடுக்கப் போய்விட்டார். கிளம்பும்போது, "இந்த இடத்துக்குப் போதகர் கண்டிப்பா வேணும். பிரசங்கத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லது" என்றார்.

சபை அதற்குப் பிறகும் பெருகவில்லை. பந்தல் மட்டும் வருஷா வருஷம் போட்டோம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலி பெஞ்சுகளைப் பார்த்து நான் முகத்தைத் தொங்கப்போட்டால், முன்வரிசையிலிருந்து எஸ்தர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கந்தசாமி, வேலாயுதம், குமாரசாமி..." என்று ஆரம்பிப்பாள். சிரிப்பை அடக்க முடியாமல், இருக்கிறவர்களோடு பாட்டைத் தொடங்கிவிடுவேன்.