முளைப்பாரிக்குப் போட்ட தண்ணிக்கல்

ஓசூரில் இடது பக்கமாகப் படுத்திருக்கும் என் பேத்தி அஸ்வினிக்கு, வில்லாபுரத்திலிருந்து அப்பத்தா சோலையம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எந்த வருசம் சுகமாக இருந்தது, விடு. நீயும் மாப்பிள்ளை அழகுராஜாவும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க ஆத்தா துணை இருப்பாள். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், உனக்கு இப்போது வயிறு குலுங்கக் கூடாது. கடிதம் என்றால், சிரிப்பு வரும் இடத்தில் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படிக்கலாம். போனை மடிக்க முடியாது.

முதலில் அன்றைக்கு முளைப்பாரி ஊர்வலத்தில் இருந்தவர்களை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு ஆளாளுக்கு நான் அங்கே இல்லவே இல்லை என்பார்கள். நான் இருந்தேன். முளைப்பாரிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு உன் அம்மா பாண்டிமீனா இருந்தாள். ஒரு வேலையும் செய்யாமல் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் அப்பன் பாண்டிராஜ் இருந்தான். கோயில் பெரியவர் உக்கிரபாண்டி, உன் தாத்தாவுக்குப் பங்காளி, முன்னால் போய்க்கொண்டிருந்தார். உருமி அடிக்க சிவபாண்டி. அப்புறம் என் ஓரகத்தி முருகம்மாள், உனக்குச் சின்ன அப்பத்தா, எனக்கு யாரும் இல்லை. மற்றபடி ஊர்ச் சனம், அவர்களுக்குப் பெயர் எழுதினால் தாள் போதாது.

முருகம்மாளும் நானும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. முப்பத்தொரு வருசத்துக்கு முன்னால், புரட்டாசி மூன்றாம் வெள்ளிக்கிழமை, அவள் கத்திரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள், ஓரத்தில் ஊறுகாய்க் கறை. அந்த வருசம் என் முளைப்பாரி வளர்த்தியில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துப் பதினோரு பேர் நடுவில், “யக்கா, ஒன் முளப்பாரி படுத்துத் தூங்குது, தாலாட்டுப் பாடவா?” என்றாள். பதினோரு பேரும் சிரித்தார்கள். அதில் ஆறு பேர் செத்துவிட்டார்கள், அவர்களை விட்டுவிட்டேன்.

இப்போது நீ அனுப்பிய பொட்டலத்துக்கு வருகிறேன். மொட்டைமாடித் தொட்டிகளுக்கு என்றுதான் அனுப்பினாய். “அப்பத்தா, இந்தக் கல்லு தண்ணியக் குடிச்சு வச்சுக்கிட்டு வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கும், நீ ரெண்டு வேளையும் மாடி ஏற வேணாம்” என்று சொன்னாய். தொட்டிக்கு ஒரு டீஸ்பூன், அதையும் ஊறவைத்துப் போடு என்று தாளில் எழுதியும் வைத்திருந்தாய். படித்தேன். நாலாம் வகுப்பு என்றாலும் டீஸ்பூன் என்று எழுதியிருந்தால் எனக்குப் படிக்க வரும். பார்த்தால் கல்லுப்பு மாதிரி இருக்கிறது, இது என்னத்தைத் தண்ணீரைப் பிடித்து வைக்கப்போகிறது என்று ஒரு சிட்டிகையை டம்ளர் தண்ணீரில் போட்டு மூடிவைத்தேன். காலையில் திறந்தால் டம்ளர் நிறைய நுங்கு. கவிழ்த்துப் பார்த்தேன், சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மாடியில் இருக்கும் கறிவேப்பிலையும் மல்லிகையும் நினைவுக்கு வரவில்லை கண்ணு, நீதான் வந்தாய். பனிக்குடத்தில் நீர் குறைவாக இருக்கிறது, ஏழாம் மாதம், படுத்தே இரு என்று டாக்டரம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். உன் பெயரில் முளைப்பாரி எடுக்கிறேன் என்று நான் அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா சொன்னதைக் கேட்பது உன் வேலை, முளைப்பாரி என் வேலை. நீர் நிற்க வேண்டிய பிள்ளைக்காக எடுக்கும் சட்டியில், நீரைப் பிடித்து நிறுத்தும் கல்லைப் போடாமல் வேறு எதில் போடுவது? டீஸ்பூன் அளவு கறிவேப்பிலைக்குச் சரி. பிள்ளைக்கு டீஸ்பூனா? கொஞ்சம் போட்டால் கொஞ்சம்தான் நிற்கும். யாருக்கும் தெரியாமல் நம் சொந்த ஊருக்கு எடுத்துப்போய், எருவோடும் வைக்கோலோடும் இரண்டு கை அள்ளிப் போட்டு, மேலே தட்டைப்பயறும் மொச்சையும் பாசிப்பயறும் தூவிவிட்டேன். ஊறவைக்கவும் இல்லை. அதுதான் தினமும் தண்ணீர் தெளிக்கப் போகிறோமே, தானாக ஊறிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்தொரு சட்டிகளும் உக்கிரபாண்டி வீட்டு இருட்டறையில் இருந்தன. இந்த வருசம் உசிலம்பட்டிப் பக்கம் தண்ணீர் வருகிற லட்சணம் உனக்குத் தெரியும், குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தரம், அதுவும் காற்றுதான் முதலில் வரும். மற்ற சட்டிகளில் பயிர் விரல் உயரத்தில் துவண்டு நிற்க, நம் சட்டியில் முழங்கை உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. ஐந்தாம் நாள் மண்ணும் சேர்ந்து எழும்பத் தொடங்கியது. ஏழாம் நாள் சட்டி விளிம்பைத் தாண்டிப் புட்டுப் போலக் குவிந்துவிட்டது. முருகம்மாள் உள்ளே வந்தாள், நம் சட்டியைச் சுற்றி வந்தாள், சுவரைப் பார்த்து, “சில வீட்டுல மண்ணுங்கூட வளருதப்பா” என்றாள். நானும் சுவரைப் பார்த்து, “சில கண்ணுக்கு அதுவும் பொறுக்காது” என்றேன். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஊர்வலம் சாயங்காலம் கிளம்பியது. என் காலுக்குச் சுமந்து நடக்க முடியாது என்று உன் அம்மா தலையில் ஏற்றினோம். ஏற்றும்போதே, “அத்த, இது என்ன இம்புட்டுக் கனம்?” என்றாள். “நல்லா வெளஞ்சா கனக்கத்தான் செய்யும், நட” என்றேன். கோயில் தெருவுக்குத் திரும்பினோம், நுங்குத் துண்டு மாதிரி ஒன்று சரிந்து வந்து அவள் மூக்கின் மேல் உட்கார்ந்தது. அடுத்தது காதில். “அத்த, என்னமோ குளுகுளுன்னு எறங்குது.” “ஒண்ணுமில்ல, அசையாத.” “அத்த, கழுத்துக்குள்ள போகுது.” “போகட்டும்.” இதைப் பார்த்துக்கொண்டே வந்த சிவபாண்டிக்கு உருமியில் அடி தப்பியது. அடி தப்பியதும் சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருத்தி, “ஏ, ஆத்தாவுக்கு வேர்க்குதுடி!” என்று கத்தினாள், அம்புட்டுத்தான், தெரு முழுக்கக் குலவை. வழக்கமாக முளைப்பாரி தூக்கி வருகிறவள் காலில்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆத்தாவுக்கே வேர்த்துவிட்டது என்றால் காலோடு விடுவார்களா? சூடு தணியட்டும் என்று ஒவ்வொரு வாசலிலும் சட்டியின் மேலேயே சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். குழாயில் தண்ணீர் வராத ஊரில் அன்றைக்கு எங்கிருந்துதான் அம்புட்டுத் தண்ணீர் வந்ததோ! நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினேன், எனக்கும் அருள் வந்துவிட்டது என்று என் தலையிலும் ஊற்றினார்கள். ஊற்றியதையெல்லாம் அந்தக் கல்லு குடித்தது. குடிக்கக் குடிக்கக் கனத்தது.

ரேசன் கடை முக்கில் உன் அம்மாவுக்குக் கழுத்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சிரிக்காதே, இனிமேல் சிரிக்கிற இடம் இல்லை. கோயிலுக்குப் போகும் முன் முளைப்பாரி தரையில் விழுந்தால் அதை எடுத்துக் கரைக்க மாட்டார்கள், அந்த வேண்டுதல் அடுத்த புரட்டாசிக்குத் தள்ளிப்போகும். உன் பிள்ளை அடுத்த புரட்டாசி வரைக்கும் காத்திருக்குமா? என்னால் தூக்க முடியாது, ஆம்பளைகள் தொடக் கூடாது, சுமக்கிற பெண்களுக்கெல்லாம் தலையில் ஆளுக்கொரு சட்டி. உன் அப்பன் எதிரில் நின்று, “மீனா, கொஞ்சம் நிமிந்து கேமராவப் பாரு” என்கிறான். இரண்டு கை அள்ளிப் போட்டு என் பேத்தி பிள்ளையின் வேண்டுதலை நானே நடுத்தெருவில் உடைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் முருகம்மாள் வந்தாள். முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தாள், “தள்ளு மீனா” என்று சட்டியை அப்படியே தன் தலைக்கு மாற்றிக்கொண்டாள். அறுபத்தாறு வயது அவளுக்கு. இரண்டு எட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்து, சுவரையில்லை, என்னைப் பார்த்து, “யக்கா, உள்ள கல்லக் கில்லப் போட்டு வச்சிருக்கியா?” என்று கேட்டாள். “பேசாம நட” என்றேன். முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசியது அதுதான். அவளும் பேசாமல் நடந்தாள். முகமெல்லாம் நுங்கு வழிய, கண்ணைக்கூடத் துடைக்காமல், கோயிலைச் சுற்றி வந்து ஊருணிக் கரையில் கொண்டுபோய் இறக்கினாள். நான் என் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன்.

கரைத்தோம். பயிர் கரைந்தது, மண் கரைந்தது, கல்லு கரையவில்லை. ஊருணியில் பளிங்கு மாதிரி மிதந்தது. உக்கிரபாண்டி ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து, “மதினி, ஆத்தா முன்னால நின்னு சொல்லுங்க, மண்ணுல என்ன கலந்தீக?” என்றார். ஊரே பார்க்கிறது. ஆத்தாளுக்கு எதிரில் பொய் சொல்ல எனக்கு வராது. “பேத்தி செடிக்குன்னு அனுப்புன கல்லு. தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிடும். அவ வயித்துல நீர் நிக்கணும்னு ரெண்டு கை போட்டுட்டேன். குத்தம்னா என்னையச் சொல்லுங்க, பிள்ளையச் சொல்லாதீக” என்றேன். அவர் கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “தண்ணியப் பிடிச்சு வைக்கிறது எப்படிக் குத்தமாகும்? வேண்டுதல் செல்லும்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடிப்பதற்குள் பக்கத்தில் குனிந்து, “தென்னங்கன்னுக்கு எம்புட்டு மதினி போடணும்?” என்று கேட்கிறார்! ஆடுமாடு குடிக்கிற தண்ணீர், மிதப்பதை எல்லாம் அள்ளியாக வேண்டும் என்றும் சொன்னார். படம் பிடித்த உன் அப்பனையே கொசுவலையைக் கொடுத்து இறக்கிவிட்டோம். இடுப்பளவுத் தண்ணீரில் இருட்டும் வரைக்கும் வலை வீசினான். அதைப் படம் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே கண்ணு, இனிமேல் அந்தக் கல்லை நீ எனக்கு அனுப்பக் கூடாது, ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பிரசவத்துக்கு உன் அம்மா வருவாள். நான் ஓசூருக்கு வரவில்லை, முழங்காலும் முடியவில்லை, மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை. முருகம்மாளை மன்னித்துவிட்டேன். சிரித்த பதினோரு பேரில் உயிரோடு இருக்கும் ஐந்து பேரையும் சேர்த்து மன்னித்துவிட்டேன். மனசு கழுவிவிட்ட வாசல் மாதிரி இருக்கிறது. நீயும் உன் பிள்ளையும் நிறைந்த குடமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், உனக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கும்போது கையைப் பார்த்து வெட்டச் சொல்.

இப்படிக்கு, உன் அப்பத்தா
சோலையம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் போன் வந்தது. ஸ்கேனில் நீர் கூடியிருக்கிறது, பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னாய். சாமி கும்பிட்டுவிட்டு, சந்தோசத்தில் முதல் ஆளாக முருகம்மாளுக்குத்தான் போன் போட்டேன். என் புத்தியை எதனால் அடிப்பது? “யக்கா, சட்டியச் சொமந்தவ நானு, அதனால பிள்ள பொறந்ததும் மொதத் தண்ணி நாந்தான் ஊத்துவேன், ஓசூருக்கு டிக்கெட்டுப் போடச் சொல்லிட்டேன்” என்கிறாள். மண்ணு என்னது, கல்லு என் பேத்தி அனுப்பியது, பேத்தியும் என்னுடையவள், தண்ணீர் இவள் ஊற்றுவாளாமா? அவள் டிக்கெட்டுக்கு ஒரு நாள் முன்னதாக எனக்கு டிக்கெட் போடு, கீழ்ப்படுக்கை கேள். மாடித் தொட்டிகளுக்கு அந்தக் கல்லு நான்கு பொட்டலம் உடனே அனுப்பு, நீ எழுதியபடி டீஸ்பூனில்தான் போடுவேன். உக்கிரபாண்டிக்கும் இரண்டு சேர்த்து அனுப்பு. படம் பிடித்த உன் அப்பனை மன்னித்தாயிற்று, வாசல் வாசலாகத் தண்ணீர் ஊற்றின சனத்தையும் மன்னித்தாயிற்று. மன்னிக்கவே மாட்டாத ஆள் ஒரே ஒருத்திதான், எழுதி வைத்துக்கொள்: முருகம்மாள்.